கூராங் காயலின் பழைய உவர்ப்பு: படிவுகளின் வேதித் தடயங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கழிமுகம் எழுதியது:

தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆறு கடலைச் சேரும் இடத்திலிருந்து தென்கிழக்காக, யங்ஹஸ்பண்ட் தீபகற்பம் எனப்படும் நீண்ட மணல்மேட்டுக்குப் பின்னால், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூராங் காயல் கிடக்கிறது. அகலம் சில கிலோமீட்டரைத் தாண்டாது. பெரும்பகுதியில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. பார்ங்கா முனை என்ற இடுக்கு அதை வடகாயல், தென்காயல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வடகாயலில் கடலும் ஆறும் கலக்கின்றன. முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் தென்காயலில் கோடைதோறும் நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. முகத்துவாரத்துக்கு உட்புறம் அலெக்சாண்ட்ரினா, ஆல்பர்ட் என்னும் இரு ஏரிகள் உள்ளன. 1940-இல் கட்டி முடிக்கப்பட்ட ஐந்து கதவணைகள், மொத்தம் 7.6 கிலோமீட்டர் நீளத்தில், இந்த ஏரிகளைக் காயலிலிருந்தும் கடலிலிருந்தும் பிரித்து நிற்கின்றன.

1997 முதல் 2010 வரை நீடித்த பெரும் வறட்சியில் தென்காயலின் உவர்ப்பு கடல்நீரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. முகத்துவாரம் மணலால் அடைபடாமல் இருக்க 2002-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தூர்வார வேண்டியிருந்தது. அப்போது எழுந்த ஒரு கேள்வி இன்றும் ஓயவில்லை: கதவணைகளும் மேற்பகுதிப் பாசனமும் வருவதற்கு முன்பு இந்த நீர்நிலைகள் எப்படி இருந்தன? ஏரிகள் இயல்பிலேயே உவர்நீர்க் கழிமுகம் என்றால், கதவணைகளைத் திறந்து கடலை உள்ளே விட்டு, ஏரிகளுக்குப் போகும் நன்னீரை மேற்பகுதி விவசாயத்துக்கு மிச்சப்படுத்தலாம் என்பது ஒரு தரப்பு. ஏரிகள் பெரும்பாலும் நன்னீராகவே இருந்தன, மேலே நீர் எடுக்கப்பட்டதால்தான் கடல் உள்ளே புகுந்தது என்பது மறுதரப்பு.

எழுத்துச் சான்று மிகக் குறைவு. 1830 பிப்ரவரியில் ஆய்வுப்பயணி சார்ல்ஸ் ஸ்டர்ட் படகில் வந்து, அலெக்சாண்ட்ரினா ஏரியில் உவர்ப்பையும் முகத்துவாரத்தை நெருங்கும்போது உப்பையும் கண்டதாக எழுதிய குறிப்பை இரு தரப்பினரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிப்ரவரி என்பது அங்கே கோடையின் கடைசி. ஆற்றில் நீர் குறைந்திருக்கும் காலம். ஒரே ஒரு வாரத்தின் சுவையைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளைத் தீர்மானிக்க முடியாது. எஞ்சியிருப்பது அடியில் படிந்த சேறுதான். அதில் உள்ள வேதித் தடயங்கள் எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்பதை இங்கே நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

சுண்ணநீறு எழுதியது:

நல்ல தொடக்கம். உவர்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு காலக்கணிப்பைப் பேசிவிட வேண்டும் என்பது என் கருத்து. குழாயைச் சேற்றில் செருகி எடுக்கும் படிவுத் தண்டில் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது என்றால், அது 1940-க்கு முன்பா பின்பா என்று தெரியாதவரை அந்த மாற்றத்துக்கு எந்தக் காரணமும் சொல்ல இயலாது.

அண்மை 100 முதல் 150 ஆண்டுகளுக்கு வழக்கமான கருவி ஈயம்-210. நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகிறது; அது மழையோடும் தூசியோடும் நீரில் விழுந்து சேற்றில் சேர்கிறது. இதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள் என்பதால் ஆழம் போகப் போக எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். ஆனால் ரேடான் பிறப்பது நிலத்தில்; தென் அரைக்கோளத்தில் நிலப்பரப்பு குறைவு. ஆகவே காற்றுவழி வந்து சேரும் ஈயம்-210 அங்கே பொதுவாகக் குறைந்த அளவிலேயே இருக்கிறது. சேற்றிலேயே உள்ள ரேடியத்திலிருந்து உண்டாகும் பகுதியைக் கழித்த பிறகு மிஞ்சுவது இன்னும் சொற்பம்.

இரண்டாவது கருவி சீசியம்-137. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் இது. 1950-களில் தோன்றி 1960-களின் முற்பகுதியில் உச்சம் தொடுகிறது. பெரும்பாலான சோதனைகள் வட அரைக்கோளத்தில் நடந்ததால் தெற்கே விழுந்தது குறைவு. அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள் என்பதால் விழுந்ததில் கால் பங்குதான் இன்று மிச்சம். எனவே ஆஸ்திரேலியாவில் இப்போது புளூட்டோனியத்தை அளக்கிறார்கள். புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுட்காலம் 24,000 ஆண்டுகளுக்கு மேல். அதன் தடம் நம் காலத்தில் மங்கப்போவதில்லை. மராலிங்காவிலும் ஈமு களத்திலும் பிரிட்டன் 1953 முதல் 1957 வரை குண்டு வெடித்ததும் இதே தெற்கு ஆஸ்திரேலிய மண்ணில்தான் என்பதை எண்ணும்போது இந்தக் கருவியை மனவருத்தமின்றிப் பயன்படுத்த முடிவதில்லை.

இவற்றோடு வேறு இரண்டு குறியீடுகளும் உண்டு. ஐரோப்பியர் கொண்டுவந்த பைன் மரத்தின் மகரந்தம் எந்த அடுக்கில் முதலில் தோன்றுகிறதோ, அந்த அடுக்கு குடியேற்றத்துக்குப் பிந்தையது. அடுத்தது ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களுக்கு இடையிலான விகிதம். 1883-இல் கண்டறியப்பட்ட, நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில் சுரங்கத் தாதுவில் ஈயம்-206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.04, இயற்கையான மண்ணில் உள்ள ஈயத்தைவிட இது தெளிவாகக் குறைவு. அந்தத் தாதுவை உருக்க 1889-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரியில் உருக்காலை தொடங்கிய காலத்தையொட்டி இதே விகிதம் அண்டார்க்டிகாவின் பனியிலேயே பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் போன ஈயம் பக்கத்தில் உள்ள காயலின் சேற்றில் தேடத் தகுந்தது.

150 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளுக்குக் கார்பன்-14 வேண்டும். அங்கும் ஓர் இடர் உண்டு. கடல்நீரில் உள்ள கார்பன் ஏற்கெனவே பழையது. சிப்பி ஓட்டின் வயது சுமார் 400 ஆண்டுகள் கூடுதலாகத் தெரியும். சுண்ணாம்புப் பாறை வழியே வரும் நிலத்தடி நீர் கலந்தால் பிழை இன்னும் கூடும். கூராங்கில் இரண்டும் நடக்கின்றன.

பொருநை எழுதியது:

சுண்ணநீறு ஐயாவுக்கு நன்றி. காலம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கருஞ்சேற்றில் உள்ள கரிமப் பொருள் முழுவதும் மக்கிப்போன கூழ்தானே? அது நீர்த்தாவரத்திலிருந்து வந்ததா, மிதக்கும் பாசியிலிருந்து வந்ததா, ஆறு அடித்துவந்த இலைதழையா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? கார்பன் ஐசோடோப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஒரே எண்ணிலிருந்து இவ்வளவும் எப்படித் தெரியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சுண்ணநீறு எழுதியது:

நியாயமான ஐயம். அந்த ஒரே எண்ணிலிருந்து இவ்வளவும் தெரியாது.

தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் எடை குறைந்த கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கின்றன. எவ்வளவு விரும்புகின்றன என்பது தாவரத்துக்குத் தாவரம் மாறும். கார்பன்-13-இன் அளவை, ஒரு பொதுத் தரப்பொருளைவிட ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைவு என்று குறிப்பார்கள். மரங்களும் பெரும்பாலான செடிகளும் சுமார் மைனஸ் 27. சோளம், கரும்பு போன்ற வகையினவும் வெப்பநிலப் புற்களும் சுமார் மைனஸ் 13. கடலில் மிதக்கும் பாசி மைனஸ் 20-க்கும் மைனஸ் 22-க்கும் இடையில். கூராங்கின் முதன்மை நீர்த்தாவரமான ரப்பியா, நீரில் கரைந்த பைகார்பனேட்டையும் பயன்படுத்துவதால், பொதுவாகக் கடற்பாசியைவிட எடை கூடிய கார்பனைக் கொண்டிருக்கும். அப்படியானால் மேலடுக்கு நோக்கி எண் குறைந்துகொண்டே வந்தால் ரப்பியா குறைந்து பாசி கூடியது என்று கொள்ளலாமா என்றால், அதற்கு மூன்று தடைகள் இருக்கின்றன.

பாசி மண்டிய நீரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்துபோகும்போது பாசியும் பைகார்பனேட்டுக்கு மாறிவிடுகிறது. அப்போது அதன் எண் ரப்பியாவின் எண்ணோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வளிமண்டலத்தின் கார்பனே கடந்த இரு நூற்றாண்டுகளில் எடை குறைந்துவிட்டது. அந்தச் சரிவைக் கழிக்காமல் அண்மை அடுக்குகளைப் பழைய அடுக்குகளோடு ஒப்பிட்டால், காயலில் எதுவுமே மாறாதிருந்தாலும் மாறியதாகத் தோன்றும். கடைசியாக, சேறு மக்கும்போது எளிதில் சிதையும் பொருள் முதலில் போகிறது. மிஞ்சுவதன் எண் சற்று நகர்கிறது.

இதனால் கார்பன்–நைட்ரஜன் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பாசியில் இந்த விகிதம் 4 முதல் 10 வரை, மரத்தழையில் 20-க்கு மேல், நீர்த்தாவரங்கள் இடையில். இதற்கும் மேலாக நம்பத் தகுந்தவை உயிர்க்குறி மூலக்கூறுகள், அதாவது எந்த வகை உயிரினம் விட்டுச்சென்றது என்பதைக் காட்டும் சேர்மங்கள். இலைகளின் மேல் உள்ள மெழுகில் 27, 29, 31 கார்பன் கொண்ட சங்கிலிகள் மிகுதி, நீரில் மூழ்கி வளரும் தாவரங்களில் 23, 25, பாசியில் 17. இந்தச் சங்கிலிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிதையாமல் கிடக்கும். கூராங் படிவுகளில் இம்முறையில் செய்த ஆய்வுகள், பழைய அடுக்குகளில் நீர்த்தாவரங்களின் பங்கு மேலோங்கியிருந்ததையும் அண்மை அடுக்குகளில் பாசி, நுண்ணுயிர்களின் பங்கு கூடியதையும் காட்டுகின்றன. இன்று தென்காயலில் இழைப்பாசி மண்டுவதையும், வறட்சியின் இறுதியில் ரப்பியா ஏறக்குறைய அழிந்ததையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. அந்தத் திருப்பம் வறட்சிக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதைத்தான் சேறு கூடுதலாகச் சொல்கிறது.

இதே கூராங்கில்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு மூலக்கூறு மனிதரை ஏமாற்றியது. கரையோரம் ரப்பர் போன்ற கரும்பொருள் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு, அடியில் எண்ணெய் இருக்கிறது என்று நம்பி, 1866-இல், தென்காயலில் வந்து சேரும் சால்ட் கிரீக் ஓடையின் அருகே கிணறு தோண்டினார்கள். எண்ணெய் வரவில்லை. கூராங்கைட் எனப் பெயர்பெற்ற அந்தப் பொருள் போட்ரியோகாக்கஸ் பிரௌனி என்ற பச்சைப்பாசி உண்டாக்கிய ஹைட்ரோகார்பன். இந்தப் பாசி நன்னீரிலும் சற்றே உவர்த்த நீரிலும் வளர்வது. ஆகவே அந்தக் கரும்பொருள் எண்ணெய்க்குச் சான்றாகாவிட்டாலும், காயலை ஒட்டிய தாழ்நிலங்களில் நன்னீர் தேங்கிய காலங்கள் இருந்தன என்பதற்கு நல்ல சான்று.

தென்கரை எழுதியது:

இவ்வளவையும் மதிப்புடன் படித்தேன். ஆனால் அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் மேலே போவது சரியல்ல.

ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழமே உள்ள காயலில் தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் காற்று நாள்தோறும் அடியைக் கலக்குகிறது. புழுக்களும் சிப்பிகளும் சேற்றைக் குடைகின்றன. அப்படியிருக்க, அடுக்கு அடுக்காகக் காலம் படிந்திருக்கிறது என்று எப்படி நம்புவது? அடுத்து, உவர்ப்பைப் பற்றிய வாதம் பெரும்பாலும் டயாட்டம் என்னும் ஒருசெல் பாசிகளின் சிலிக்கா ஓடுகளை நம்பியிருக்கிறது. அந்த ஓடுகள் மிதந்து போகக்கூடியவை. ஆற்றில் வாழ்ந்தது ஏரியில் படியலாம். ஏரியில் வாழ்ந்தது வெள்ளத்தோடு காயலுக்கு வரலாம். அலை ஏறினால் கடலில் வாழ்ந்தது ஏரிக்குள் வரலாம். தலசியோசைரா லாகுஸ்ட்ரிஸ் என்ற ஒரே இனம் நன்னீரைக் குறிக்கிறதா உவர்நீரைக் குறிக்கிறதா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. போதாக்குறைக்கு, காரத்தன்மை மிகுந்த நீரில் சிலிக்கா கரைந்துபோகிறது. கெட்டியான ஓடு மிஞ்சி மெல்லிய ஓடு மறைந்தால், மிஞ்சியதை எண்ணி எழுதும் விகிதம் என்ன பெறும்?

பல இலட்சம் பேருடைய தண்ணீரைப் பற்றிய முடிவு இதன்மேல் நிற்கிறது. அதனால்தான் கடுமையாகக் கேட்கிறேன்.

கழிமுகம் எழுதியது:

தென்கரை அவர்களின் கடுமை இந்த விஷயத்துக்குத் தேவையானதுதான். கலக்கம் பற்றிய பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன்: ஈயம்-210 ஆழத்தோடு சீராகக் குறையாமல் மேல் 10 சென்டிமீட்டருக்கு ஒரே அளவாக இருந்தால் அந்த இடம் கலங்கியது என்று தெரிந்துவிடும்; அந்தத் தண்டை ஒதுக்கிவிட வேண்டும். காற்றுக்கு ஒதுங்கிய குடாக்களில் எடுத்த தண்டுகள்தான் பயன்படும். எல்லா இடமும் கலங்கியது என்பதும் எந்த இடமும் கலங்கவில்லை என்பதும் இரண்டும் தவறு.

டயாட்டம் மிதந்து வரும் என்பது உண்மை. அதனால்தான் வேதித் தடயங்கள் தேவைப்படுகின்றன. ஆர்த்ரிடிகா ஹெல்ம்சி என்ற, சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் சிப்பி கூராங்கில் வாழ்கிறது. அதன் ஓடு, சிப்பி உயிரோடு இருந்த நீரிலிருந்தே கட்டப்பட்டது. இரு ஓடுகளும் ஒட்டிய நிலையில் சேற்றில் கிடைத்தால் அது வேறிடத்திலிருந்து உருண்டு வந்தது என்று சொல்வதற்கில்லை. அந்த ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பு, நீர் எவ்வளவு ஆவியானது என்பதைக் காட்டும்: ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 முதலில் போய்விடுகிறது, எஞ்சிய நீரில் ஆக்சிஜன்-18 மிகுகிறது. அந்தச் சிப்பியால் மிகை உவர்நீரில் வாழ முடியாது என்பதும் நமக்குத் துணை. அது நிறைந்து கிடக்கும் அடுக்கு உருவானபோது தென்காயல் 2010 வரை நீடித்த வறட்சிக்காலத்து நிலையில் இருந்திருக்க முடியாது.

ஆனால் ஆக்சிஜன் உவர்ப்பை நேரடியாக அளப்பதில்லை. வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை மாறினாலே ஓட்டின் எண் ஆயிரத்துக்கு ஒன்று நகரும். மர்ரே ஆற்றின் நீர், பத்து இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வறண்ட படுகையைக் கடந்து வருவதால், வறட்சியில் அதுவே ஆவியான நீராகத்தான் வந்து சேர்கிறது. அதாவது வறட்சிக்காலத்து நன்னீரும் ஆவியான கடல்நீரும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

இங்கேதான் ஸ்ட்ரான்சியம் உதவுகிறது. ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஆவியாதலால் மாறாது. நீர் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். உலகக் கடல்நீர் முழுவதிலும் அது 0.7092. பழைய கருங்கற் பாறைகளைக் கழுவி வரும் ஆற்றுநீரில் அது கூடுதல். ஓட்டிலும் சுண்ணப் படிவிலும் இரண்டையும் அளந்தால், ஆக்சிஜன் ஆவியாதலைச் சொல்லும், ஸ்ட்ரான்சியம் மூலத்தைச் சொல்லும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம். ஆற்றுநீரில் அதில் மிகச் சிறு பங்கே. ஆகவே கலவையில் பாதி ஆற்றுநீராக இருந்தாலும் விகிதம் கடலுடையது போலவே இருக்கும். பெரும்பகுதி நன்னீரான பிறகுதான் எண் நகரத் தொடங்கும். ஏரிகளில் இது கூர்மையான கருவி. தென்காயலில் மழுங்கிய கருவி.

மட்டக்களப்பான் எழுதியது:

வணக்கம். நான் களப்புகளின் ஓரம் வளர்ந்தவன். இந்த உரையாடலை ஆர்வத்தோடு தொடர்கிறேன். வறட்சிக் காலத்தில் அவுஸ்திரேலியாவின் அந்த இரு ஏரிகளின் அடித்தளம் வெளியே தெரிந்து அமிலமாக மாறியது என்று வாசித்த நினைவு. அந்த அமிலம் கந்தகத்திலிருந்து வருகிறது. கந்தகம் கடல்நீரில் மிகுதி. அப்படியென்றால் ஏரிகளுக்குள் கடல் நீண்ட காலம் இருந்ததற்கு அதுவே சான்றாகாதா?

சுண்ணநீறு எழுதியது:

மட்டக்களப்பான் தம்பி கேட்டிருப்பது கூர்ந்த கேள்வி. பொதுமேடைகளில் இதே வாதத்தைப் பலர் முன்வைத்ததுண்டு; ஆனால் அது நிற்காது.

நடந்தது இதுதான். 2007 முதல் 2010 வரை கதவணைகளைக் கடந்து ஏறக்குறைய நீரே போகவில்லை. 2009-இல் அலெக்சாண்ட்ரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. நூற்றாண்டுக்கணக்கில் நீருக்கடியில் இருந்த சேறு காற்றுப் பட்டது. அதில் உள்ள பைரைட், அதாவது இரும்புச் சல்பைடு, ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமானது. சில ஓடைப்பகுதிகளில் விமானத்திலிருந்து சுண்ணாம்புக்கல் தூவி அமிலத்தைத் தணிக்க வேண்டியிருந்தது.

பைரைட் உண்டாக மூன்று பொருள்கள் வேண்டும்: சல்பேட், இரும்பு, கரிமப் பொருள். கரிமப் பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. சல்பேட் கடலிலிருந்து வரலாம் என்பது உண்மை. ஆனால் மர்ரே படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் மிகவும் உவர்ப்பானது. அதன் வழியாகவும் சல்பேட் ஆற்றில் சேர்கிறது. கதவணைகளால் தேங்கி நின்ற நன்னீர் ஏரியிலும் பைரைட் வளர அதுவே போதும். கடற்படிவுகளில் கார்பனுக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதம் பொதுவாக 3-ஐ ஒட்டியும் நன்னீர்ப் படிவுகளில் அதைவிட மிக அதிகமாகவும் இருக்கும் என்ற பழைய விதியை இங்கே அப்படியே பொருத்த முடியாததும் இதனால்தான்.

நான் அஞ்சுவது வேறொன்று. ஒருமுறை காய்ந்து அமிலமான அடுக்கில் சுண்ண ஓடுகள் கரைந்துவிடும். ஓடுகள் கரைந்தால் ஆக்சிஜன் சான்றும் ஸ்ட்ரான்சியச் சான்றும் சேர்ந்தே போய்விடும். 2007-க்குப் பிந்தைய அந்த மூன்றாண்டுகள், ஏரியோரத்துச் சேற்றில் எழுதப்பட்டிருந்த பழைய பதிவின் ஒரு பகுதியை மீட்க முடியாதபடி அழித்திருக்கின்றன. நீர்ப்பறவைகள் போனதைப் பற்றி வருந்தியவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

கழிமுகம் எழுதியது:

இப்போது காலம் பற்றிய ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். இந்தச் சண்டையில் பாதி அதிலிருந்தே எழுகிறது என்று நினைக்கிறேன்.

சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு தென் ஆஸ்திரேலியக் கரையில் கடல்மட்டம் இன்றைவிட ஒன்று, இரண்டு மீட்டர் உயர்ந்திருந்தது. அப்போது இன்றைய முகத்துவார மணல்மேடுகள் முழுமையாக வளர்ந்திருக்கவில்லை. கடல் ஏரிப்பகுதிக்குள் நுழைந்து ஆற்றின் தாழ்பள்ளத்தாக்கு வரை ஏறியது என்று கணினி மாதிரிகளைக் கொண்டு சிட்னியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். டயாட்டங்களைக் கொண்டு அடிலெய்டைச் சேர்ந்தவர்களும் பிறரும், ஏரி பெரும்பாலும் நன்னீராகவே இருந்தது என்றார்கள். ஒரு தரப்பின் வலு மிக உயர்ந்த கடல்மட்டத்துக் காலத்தில் இருக்கிறது. மறுதரப்பின் வலு அதற்குப் பின்வந்த ஆயிரமாண்டுகளில் இருக்கிறது. நீர்க்கொள்கைக்கு வேண்டியது, இன்றைய கடல்மட்டமும் இன்றைய மணல்மேடுகளும் அமைந்த பிறகு, ஐரோப்பியர் வருவதற்கு முன்பு இருந்த நிலை. 2020-இல் வெளியான சுயேச்சையான அறிவியல் மீளாய்வும் அந்தக் காலத்தையே கருத்தில் கொண்டு, ஏரிகள் பெரும்பாலும் நன்னீராக இருந்தன, ஆற்றோட்டம் குறைந்த வேளைகளில் கடல்நீர் ஓரளவு உட்புகுந்தது என்று முடிவு கூறியது. ஸ்டர்ட் 1830-இல் நாவில் கண்ட உவர்ப்பும் அந்த முடிவுக்கு உள்ளேயே அடங்குகிறது.

இன்னொன்று: ஏரிகளுக்குச் சொன்னதைக் கூராங்குக்கும் சொல்லிவிடக் கூடாது. ஏரிகள் ஆற்றின் பிள்ளைகள். கூராங்கின் படிவுகளில் அலையேற்றம் உள்ள கழிமுகத்தின் உயிரினங்களே மிகுதி; கடலின் செல்வாக்கு அங்கே எப்போதும் இருந்திருக்கிறது. “கீழ் மர்ரே” என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு நீர்நிலைகளை அடைத்து, நன்னீரா உவர்நீரா என்று கேட்டால் எந்தச் சேறும் பதில் சொல்லாது.

தென்கரை எழுதியது:

ஏரிகள் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். தென்காயலில் இன்னும் ஐயம் தீரவில்லை.

தென்காயலுக்குப் பழைய காலத்தில் நன்னீர் மர்ரேயிலிருந்து மட்டும் வரவில்லை. தென்கிழக்குத் தாழ்நிலங்களின் சதுப்புகளிலிருந்து சால்ட் கிரீக் வழியாகவும் நிலத்தடியாகவும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்தச் சதுப்புகளை மேய்ச்சலுக்காக வடித்து, வாய்க்கால் வெட்டி, நீரை நேரே கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படியென்றால் தென்காயல் உவர்த்ததில் 1940-இன் கதவணைகளுக்கு எவ்வளவு பங்கு, அதற்கு முந்தைய வடிகால்களுக்கு எவ்வளவு பங்கு? இரண்டையும் பிரித்துக் காட்டாத ஆய்வு, மர்ரே நீரைக் கூடுதலாகக் கேட்பவர்களுக்கும் தவறான நம்பிக்கையையே கொடுக்கும். கழிமுகம் சொன்ன ஸ்ட்ரான்சியம் இதைப் பிரித்துக் காட்டுமா?

சுண்ணநீறு எழுதியது:

தனித்து நின்றால் கடினம். தென்கிழக்கின் நிலத்தடி நீர் பழைய கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைகளின் வழியே வருகிறது. அந்தப் பாறைகளின் ஸ்ட்ரான்சியம் விகிதம் இன்றைய கடலைவிடச் சற்றே குறைவு; மர்ரேயின் விகிதமோ கடலைவிடக் கூடுதல். ஆகவே திசை வேறுபடுகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கலந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து, கடல்நீர் மட்டுமே இருந்தது போன்ற எண்ணைக் கொடுத்துவிடும். அப்போது ஆக்சிஜன், டயாட்டம், சிப்பி ஆகியவை நன்னீர் வந்ததைச் சொல்லியும் ஸ்ட்ரான்சியம் மறுப்பது போல் தோன்றினால், மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் இரு மூலங்களும் கலந்த காலம் என்று ஐயுற வேண்டும்.

சால்ட் கிரீக்கைச் சுற்றியுள்ள சிறு ஏரிகளில் டோலமைட் என்னும் மக்னீசியம் கலந்த கார்பனேட் கனிமம் இன்றும் உருவாகிறது என்பதைக் கவனியுங்கள். உலகில் அது அரிய நிகழ்ச்சி. மக்னீசியமும் கார்பனேட்டும் நிறைந்த நிலத்தடி நீர் கசிந்து, பருவந்தோறும் வற்றி, மீண்டும் நிறையும் இடங்களில் அது நடக்கிறது. காயலின் தென்கோடிப் படிவுகளில் கார்பனேட் கனிமங்களின் வகை எப்போது மாறியது என்பதை அடுக்கடுக்காக எழுதினால், தென்கிழக்கு நீரின் வரவு எப்போது குன்றியது என்பதற்கு ஸ்ட்ரான்சியத்தைச் சாராத ஒரு சான்று கிடைக்கும். வடிகால்களுக்கும் கதவணைகளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருப்பதால் காலக்கணிப்பு அதைத் தாங்கும்.

பொருநை எழுதியது:

அப்படியானால் இந்தத் தடயங்களையெல்லாம் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? நமக்கு விடை தெரிந்த ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, சேறு அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க முடியாதா?

கழிமுகம் எழுதியது:

முடியும், அதைச் செய்யாமல் பழைய அடுக்குகளுக்குப் போகக் கூடாது. 1956-இன் பெருவெள்ளம், 1981-இல் முகத்துவாரம் அடைபட்டது, 2007 முதல் 2010 வரை நீர்வரத்து நின்றது: இந்த மூன்றும் ஆண்டு தெரிந்த நிகழ்ச்சிகள். வெள்ளத்தில் காயல் எப்படி நன்னீரானது, வறட்சியில் எப்படி உவர்த்தது என்பதற்கு அளவீடுகளும் நேரில் கண்டவர்களும் உண்டு. ஒரு தண்டில் ஆக்சிஜனோ உயிர்க்குறி மூலக்கூறோ இந்த மூன்றில் ஒன்றையாவது காட்டவில்லை என்றால், அதே தண்டு 800 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியைக் காட்டுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதில் உள்ள சிக்கல் பருமனைப் பற்றியது. இத்தகைய காயல்களில் சேறு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் படிவதே அதிகம். ஒரு சென்டிமீட்டர் துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பல ஆண்டுகள் கலந்திருக்கும். மூன்றாண்டு வறட்சி அதில் ஒரு பங்குதான். வெள்ளமோ சில மாதங்களே நீடிப்பது. எனவே சேற்றில் தெரிபவை பத்தாண்டுகளின் சராசரி. சராசரியைத் தாண்டிப் பாய்ந்த ஓர் ஆண்டு அதில் மறைந்துவிடும். இந்தக் குறையை ஓரளவு போக்குவது தென்காயலின் அந்தச் சிறு சிப்பிதான். அதன் வாழ்நாள் குறுகியது என்பதால் ஒவ்வொரு ஓடும் தன் காலத்து நீரை மட்டும் பதிவு செய்கிறது. ஒரே துண்டிலிருந்து பத்து, இருபது ஓடுகளை எடுத்து, அரைத்துக் கலக்காமல் தனித்தனியே அளந்தால், சராசரியோடு அந்தப் பத்தாண்டுக்குள் உவர்ப்பு எவ்வளவு ஏறி இறங்கியது என்பதும் கிடைக்கும். தென்கரை கேட்ட தென்காயல் கேள்விக்கு எனக்கு வேண்டியது அந்த ஏற்ற இறக்கம்தான்: 1860-க்கு முன் அது எவ்வளவு அகன்றது, 1860-க்கும் 1940-க்கும் இடையில் எவ்வளவு, 1940-க்குப் பின் எவ்வளவு. பார்ங்கா முனைக்கு வடக்கே ஒரு தண்டும் தெற்கே ஒரு தண்டும் சால்ட் கிரீக் அருகே ஒன்றும் இதே முறையில் அளக்கப்பட்டு ஒரே வரைபடத்தில் வைக்கப்பட்டால், வடிகாலின் தடம் தெற்கிலிருந்து தொடங்கியதா, கதவணையின் தடம் வடக்கிலிருந்து தொடங்கியதா என்பதைக் காணலாம்.